வீட்டுக்கு வந்த பாட்டு வகுப்பு

இணையம் வழியே கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்ள வீட்டில் என்னென்ன வேண்டும்? ஒரு கணினி, ஒரு மைக், நல்ல இணைய இணைப்பு, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை. யாரைக் கேட்டாலும் உடனே சொல்லும் பதில் இது. ஆனால் ஆறு மாதமாவது அப்படிக் கற்றவர்களைக் கேட்டால் பட்டியல் வேறாக இருக்கும். சுருதி உன் பக்கத்திலேயே ஒலிக்கட்டும், தாளத்தை நீயே போடு, பாடத்தைப் பதிவு செய்துகொள், ஸ்வரக் குறிப்பை முன்னால் வைத்துக்கொள் என்பார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சுருதி, தாளம், பாடத்தின் நினைவு... இவை எல்லாமே ஒரு காலத்தில் குருவின் வீட்டில் மட்டும் இருந்தவை. இவற்றுக்காகத்தான் மாணவன் ஊர் விட்டு ஊர் போனான். ஏறக்குறைய நூற்று முப்பது ஆண்டுகளில் அவை ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக்கொண்டு மாணவரின் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டன. வராமல் நின்றுவிட்ட ஒன்றும் உண்டு. அதற்குக் கடைசியில் வருவோம்.

குருகுலம் என்றால் குருவின் வீட்டிலேயே தங்கிவிடுவது. தண்ணீர் இறைப்பது, கடைக்குப் போவது, துணி துவைப்பது எல்லாம் பாடத்திட்டத்தில் சேர்த்தி! ராமநாதபுரம் 'பூச்சி' ஸ்ரீனிவாச ஐயங்காரிடம் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் பயின்றது இப்படித்தான். இதற்கு நேரம், காலம், மணி எதுவும் கிடையாது. குருவுக்குத் தோன்றினால் பாடம் நடக்கும். தோன்றாவிட்டால் நாள் கணக்கில் நடக்காது. ஆனால் பாடம் நடக்காத நாளிலும் அந்த வீட்டில் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும். குரு தனக்குத்தானே முணுமுணுப்பது, மூத்த மாணவர் சாதகம் செய்வது, வந்த வித்வானோடு ஒரு ராகத்தைப் பற்றி வாக்குவாதம் செய்வது எல்லாம் காதில் விழும். கேள்வி ஞானம் என்று சொல்வது இதைத்தான்.

இதைப் பொற்காலம் என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த வீட்டுக்குள் யார் போக முடிந்தது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். குடும்பப் பெண்கள் போக முடியாது. சாதி பார்த்துத்தான் வாசல் திறக்கும். சாப்பாட்டுக்கு வழியில்லாத வீட்டுப் பையன் பத்து வருடம் சம்பாதிக்காமல் இருக்க முடியாது. 

பெண்கள் முறையாக இசை கற்றதும் கற்பித்ததும் அன்று பெரும்பாலும் இசை வேளாளர் குடும்பங்களில்தான். சென்னை ஜார்ஜ் டவுனில் இருந்த வீணை தனம்மாளின் (1867-1938) வீடு இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வாசிப்பதைக் கேட்க இசை தெரிந்தவர்கள் அங்கே கூடுவார்கள். மைக் கிடையாது. மெல்லிய நாதம். வந்தவர்கள் சத்தம் போடாமல் உட்கார வேண்டும் என்பது அந்த வீட்டின் எழுதாத சட்டம். பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி ஆகியோரின் காதுகள் அந்த அமைதியில் பழகியவை. இன்று இணைய வகுப்புக்காக ஒரு வீட்டில் மின்விசிறியை நிறுத்தி, குக்கர் வைப்பதைத் தள்ளிப்போட்டு, தம்பியை வெளியே அனுப்புகிறார்கள் அல்லவா? தனம்மாள் வீட்டு விதியின் தூரத்துச் சொந்தம் அது.

இனி குருவின் வீட்டை விட்டு முதலில் புறப்பட்ட பொருளைப் பார்ப்போம். அது பாடத்தின் நினைவு. பாட்டு குருவின் தொண்டையில் இருந்தது, ஏட்டில் சாகித்யம் மட்டும் இருந்தது. கேட்காத ஒருவர் தாளைப் பார்த்தே பாட்டைப் பாட வேண்டும் என்ற ஆசை சென்னையில் அரசு அலுவலில் இருந்த ஏ. எம். சின்னசாமி முதலியாருக்கு வந்தது. கிறிஸ்தவரான அவர் 1890-களில் கர்நாடக இசை உருப்படிகளை மேல்நாட்டுக் கோட்டுக் குறியீட்டில் எழுதி அச்சிட ஆரம்பித்தார். கைப்பணம் கரைந்தது, கண் பார்வையும் போயிற்று. ஆனாலும் விடவில்லை. எட்டயபுரத்தில் இருந்த சுப்பராம தீட்சிதரை (1839-1906) அவரிடம் இருந்த பாடங்களை எழுதி வெளியிடச் சொல்லித் தூண்டியவர்களில் அவர் முக்கியமானவர். எட்டயபுரம் அரசரின் ஆதரவில் 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கில் வெளிவந்தது. கமகங்களுக்கும் தனித்தனிக் குறிகள் போட்டிருந்தார் தீட்சிதர். ஒரு பரம்பரையின் சொத்து, புத்தகம் வாங்கிய எவர் வீட்டு அலமாரிக்கும் போகலாம் என்றாயிற்று. (அதைப் பார்த்துப் பாடத் தெரிய வேண்டும் என்பது வேறு விஷயம்!)

அடுத்து சுருதி. தம்புரா பெரிய வாத்தியம். மீட்ட ஓர் ஆள், கூட்டத் தெரிந்த காது இரண்டும் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை போன்ற நகரங்களில் நடுத்தர வீட்டுப் பெண்களுக்குப் பாட்டு சொல்லித்தர வாத்தியார்கள் வீட்டுக்கே வர ஆரம்பித்தார்கள். கல்யாணச் சந்தையில் பாட்டும் ஒரு தகுதி என்று ஆனது இதற்கு ஒரு காரணம். அந்த வீடுகளுக்குள் வந்தவை துருத்தி வைத்த சுருதிப்பெட்டியும் ஆர்மோனியமும். அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து ஒதுக்கியது, 1970-களில்தான் தடை தளர்ந்தது. ஆனால் அதற்குள் ஆர்மோனியம் தமிழுக்கு ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டது: கட்டை. 'அவருக்கு ஐந்தரைக் கட்டை', 'இவர் ஒரு கட்டையில் பாடுவார்' என்பதெல்லாம் ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணியதில் வந்தவை. இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் ஐந்தரைக் கட்டை என்றால் மயிலாப்பூரிலும் டொராண்டோவிலும் ஒரே ஒலி. இரண்டு வீடுகளில் இரண்டு சுருதிகளைத் தனித்தனியே வைத்தாலும் ஒன்றாக நிற்கும். இன்றைய இணைய வகுப்பு நடப்பதே இந்த ஒப்பந்தத்தின் மேல்தான்.

பெங்களூரைச் சேர்ந்த பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ்நாராயண் 1979-இல் மின்னணுத் தம்புராவைக் கொண்டுவந்தார். அவருடைய 'ராடெல்' பெட்டிகள் கச்சேரி மேடைவரை போயின. மீட்ட ஆள் வேண்டாம், கூட்டத் தெரிய வேண்டாம், திருகினால் போதும். இன்று கைப்பேசிச் செயலியாகவே தம்புரா கிடைக்கிறது. சுருதி கூட்டும் பயிற்சி மாணவர்களிடம் குறைந்தது இதன் விலை என்று பல ஆசிரியர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

குரலும் புறப்பட்டது. கிராமபோன் கம்பெனி 1902-இல் கல்கத்தாவில் பதிவுகளைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் தென்னிந்தியப் பாடகர்களின் தட்டுகளும் வந்தன. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்ற பெண் கலைஞர்களின் குரல்கள், அவர்கள் கால் வைக்க முடியாத வீடுகளின் கூடங்களில் ஒலித்தன. தட்டின் ஒரு பக்கம் மூன்றரை நிமிடம் அளவுதான் ஓடும். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கலாம். குருவிடம் 'இன்னொரு முறை' என்று கேட்க எத்தனை தைரியம் வேண்டும்! முள்ளை எடுத்து வைக்க அது வேண்டியதில்லை.

வானொலியில் சென்னை நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் தொடங்கின. 'இசைப் பயிற்சி' நிகழ்ச்சியில் ஆசிரியர் ஒரு வரி பாடுவார், நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவி திருப்பிப் பாடுவார், வீட்டில் கேட்பவரும் கூடவே பாடுவார். ஆசிரியருக்கு வீட்டில் பாடுபவரின் குரல் கேட்காது. கேட்பவர் தப்பாகப் பாடினாலும் வானொலிப்பெட்டி ஒன்றும் சொல்லாது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சேர்ந்து பாடலாம், ஆனால் திருத்த ஆள் இல்லை.

பாடத்துக்கு மணிக்கணக்கு வந்தது கல்லூரிகளால். சிதம்பரத்தில் 1929, சென்னை மியூசிக் அகாடமியின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1931, சென்னையில் அரசின் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி 1949. மணி அடித்தால் வகுப்பு, மணி அடித்தால் முடிவு. ஒரு மணி நேர இணைய வகுப்புக்கு முன்னோடி இதுதான், குருகுலம் அல்ல.

பிறகு கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் அறிமுகப்படுத்திய இந்தச் சின்னப் பெட்டி 1980-களில் தமிழ் வீடுகளில் சாதாரணமானது. பாடத்தை அப்படியே பதிவு செய்துகொண்டு போகலாம். 'பதிவு செய்தால் மனசில் நிற்காது' என்று மறுத்த ஆசிரியர்களும் உண்டு. 

இதே காலத்தில்தான் மாணவரின் வீடு கடல் தாண்டிப் போனது. 1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவுக்கும், 1983 வன்முறைக்குப் பிறகு இலங்கையிலிருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் தமிழர்கள் போனார்கள். தனம்மாளின் பேரன்கள் ரங்கநாதனும் விஸ்வநாதனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்கள். கிளீவ்லேண்டில் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. ஆனால் எல்லா ஊரிலும் வித்வான் கிடைப்பாரா? கோடை விடுமுறையில் சென்னைக்கு வந்து இரண்டு மாதத்தில் இரண்டு வருடப் பாடத்தைக் கேசட்டில் அடைத்துக்கொண்டு திரும்பினார்கள் பிள்ளைகள். மிச்சப் பத்து மாதம் அந்தக் கேசட்டுதான் குரு.

2003 ஆகஸ்டில் ஸ்கைப் வந்தது. 2006-க்குள் அதில் முகம் பார்த்தும் பேச முடிந்தது. தொலைபேசிக்கு நிமிடக் கணக்கில் பணம் எண்ணியவர்களுக்கு இது பெரிய விடுதலை. தவிர, சாதாரணத் தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலின் மத்ய ஸ்தாயி ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அந்த அடிநாதம் தொலைபேசிக் கம்பியில் போகவே போகாது, மேல் நாதங்களை வைத்துக் காது ஊகித்துக்கொள்ளும். கணினி வழிப் பேச்சு இந்த வேலியை உடைத்தது. சென்னையில் விடியற்காலையும் நியூ ஜெர்சியில் முந்தைய நாள் மாலையுமாக வகுப்புகள் நடக்க ஆரம்பித்தன. ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டுவிட்டது. அது தொடங்கிய பழக்கம் மூடப்படவில்லை.

இப்போது சிக்கலுக்கு வருவோம். வானொலியில் சேர்ந்து பாடலாம், திருத்த ஆள் இல்லை. ஸ்கைப்பில் திருத்த ஆள் இருக்கிறார், சேர்ந்து பாட முடியாது!

காரணம் தூரம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் நியூ ஜெர்சிக்கும் நேர்க்கோட்டிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். அதாவது குரல் போக 65 மில்லி விநாடி, பதில் குரல் வர 65 மில்லி விநாடி. கடலடிக் கம்பி நேராகவும் போவதில்லை. கணினிகள் ஒலியை நறுக்கிக் கட்டி அனுப்பும் நேரத்தையும் சேர்த்தால் போய்வர 250 மில்லி விநாடி ஆவது சகஜம். பேச்சுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் இருவர் சேர்ந்து இசைக்க ஒருவர் ஒலி மற்றவரை அடைய 25 முதல் 30 மில்லி விநாடிக்கு மேல் தாமதம் கூடாது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காற்றில் 25 மில்லி விநாடியில் ஒலி எட்டரை மீட்டர் போகும். ஒரு கூடத்தின் இரு கோடிகளில் உட்கார்ந்து பாடுவது போல. அதற்கு மேல் விலகினால் கை தடுமாறும்.

சரளி வரிசையில் இதைப் பார்த்தால் தெளிவாகப் புரியும். ஓர் அட்சரத்துக்கு ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் காலத்தில் ஓர் அட்சரத்துக்கு நான்கு ஸ்வரம், ஒரு ஸ்வரத்துக்கு 250 மில்லி விநாடி. மாணவி தன் வீட்டில் ஆசிரியரின் குரலோடு அச்சாகச் சேர்ந்து பாடினாலும், ஆசிரியரின் காதில் அவள் ஒரு முழு ஸ்வரம் பின்தங்கியிருப்பாள். தப்பு யாருடையதும் இல்லை. அதனால்தான் இணைய வகுப்பில் ஆசிரியர் பாடி நிறுத்த, மாணவர் பாட, மறுபடி ஆசிரியர் பாட என்று முறை வைத்து நடக்கிறது. தாளத்தையும் மாணவரே போட வேண்டும். திரையில் தெரியும் ஆசிரியரின் கை, எப்போதும் கொஞ்சம் முந்தைய நேரத்தின் கை.

ஒரே ஊருக்குள் என்றால்? சென்னையிலிருந்து பெங்களூருக்குச் சுமார் 290 கிலோமீட்டர். ஒளிக்கு ஒன்றரை மில்லி விநாடி வேலை. அங்கே தாமதம் கடலில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. வைஃபை கொஞ்சம், மென்பொருள் கொஞ்சம், புளூடூத் காதணிக் கருவி நிறைய. கம்பி போட்ட ஹெட்போனும், கம்பி வழி இணையமும் வைத்தால் பெருமளவு குறையும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ் சேஃபும் அவருடைய குழுவும் உருவாக்கிய 'ஜாக்ட்ரிப்' போன்ற மென்பொருள்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து இசைக்கவும் வழி செய்திருக்கின்றன. ஆனால் சமுத்திரத்தைச் சுருக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

இன்னொரு வேடிக்கை. இந்தப் பேச்சு மென்பொருள்கள் எல்லாம் அலுவலகக் கூட்டங்களுக்காகப் பிறந்தவை. மாறாமல் தொடர்ந்து ஒலிப்பது எதுவோ அது இரைச்சல் என்பது அவற்றின் இலக்கணம். மின்விசிறி, ஏசி... அப்புறம் தம்புரா! சங்கீதத்துக்கு ஆதாரமான ஒலியை மின்விசிறி என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது கணினி. நீட்டி நிற்கும் கார்வைக்கும் சில நேரம் அதே கதி. மெல்லப் பாடினால் தானாகவே சத்தத்தைக் கூட்டி, உரக்கப் பாடினால் குறைத்துவிடும். இருவர் ஒரே நேரத்தில் ஒலித்தால் ஒருவரை அமுக்கிவிடும். மிருதங்கம் கற்பவர்கள் பாடு இன்னும் மோசம். வலந்தலைச் சொல் தட்டுமுட்டுச் சத்தமாகிவிடும், தொப்பியின் கும்கி கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் காணாமலே போகும்.

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது, அதுவரை இணைய வகுப்பை ஏளனம் செய்தவர்களும் ஒரே வாரத்தில் அதற்குள் வர வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மியூசிக் அகாடமியின் டிசம்பர் விழாவே இணையத்தில் நடந்தது. ஸூம் செயலியில் ஒலியைத் திருத்தாமல் அனுப்பும் வசதி முன்பே இருந்தது. 2020-இல் இசைக்கென்றே உயர்தர ஒலி வசதியும் சேர்ந்தது. அதைத் தேடிப் போட்டுக்கொள்வதுதான் இன்றும் வகுப்பின் முதல் பாடம்.

வீட்டு மூலையும் அப்போதுதான் உருப்பெற்றது. வெறும் சுவரும் வழவழத் தரையும் எதிரொலிக்கும் என்பதால் ஜமுக்காளம், திரைச்சீலை, துணி அடுக்கிய திறந்த அலமாரி. தரையில் உட்கார்ந்து மடிக்கணினியையும் தரையில் வைத்தால் கழுத்து குனிந்து குரல் அடைக்கும் என்பதால் ஒரு முக்காலி. தாளம் போடும் கை தெரிய, முகத்துக்கு மட்டும் நெருக்காமல் சற்றுத் தள்ளி வைத்த கேமரா. வீணை என்றால் மெட்டுகளின் மேல் விரல் இழுப்பது தெரிய இன்னொரு கைப்பேசி. சுருதிச் செயலி தனியாக ஒரு பழைய கைப்பேசியில், மாணவரின் காதுக்குப் பக்கத்தில், மைக்குக்குத் தள்ளி. குருவின் வீட்டுச் சாமான்கள் ஏறக்குறைய எல்லாம் அந்த ஆறடிக்கு நாலடி இடத்தில் வந்து இறங்கிவிட்டன. கதவு திறக்காத வீடுகளின் முன்னால் ஒரு காலத்தில் நின்றவர்களின் பேத்திகளும் அதில் உட்கார்ந்து கற்கிறார்கள். இந்த லாபத்தைச் சின்னதாகச் சொல்லிவிடக் கூடாது.

வராமல் நின்றது அந்தச் சேர்ந்து பாடல்தான். குருவின் குரலுக்கு அடியில் தன் குரலை ஒளித்துக்கொண்டு, எங்கே அசைகிறார், எங்கே மூச்சு விடுகிறார் என்று பிடித்துக்கொண்டே போவது. குருவும் அந்தக் குரலைக் கேட்டபடியே இழுத்துக்கொண்டு போவது.

இதற்கும் ஆசிரியர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குழு வகுப்பில் எல்லோருடைய மைக்கையும் அணைத்துவிட்டு, ஆசிரியர் கீர்த்தனையை ஆரம்பத்திலிருந்து நிறுத்தாமல் பாடுகிறார். டல்லாஸிலும் லண்டனிலும் மதுரையிலும் ஒவ்வொரு மாணவரும் தன் அறையில் அவரோடு சரியாகச் சேர்ந்து பாடுகிறார். தாளம் விலகுவதில்லை, சுருதி சேர்கிறது. ஆசிரியரின் அறையில் மட்டும் அவருடைய குரலும் தம்புராவும் கேட்கின்றன. திரையில் பன்னிரண்டு வாய்கள், கொஞ்சம் பிந்தி, அசைந்துகொண்டிருக்கின்றன.